டேங்க் கழுவிய கல்

ஜனவரி 27

இந்த நோட்டு எனக்குச் சொந்தமில்லை. ஆராய்ச்சி நிலையத்து நிலோஃபர் மேடம் கொடுத்தது. மழை, வெயில், தண்ணீர் விட்டது, பயிர் இருக்கும் நிலை என்று தினமும் நான்கு விஷயம் எழுதினால் போதும் என்றார். பிளஸ் டூ முடித்து இருபது வருஷமாகப் பால் சொசைட்டியில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதுவும் எழுதாத கைக்கு நான்கு விஷயம் போதுமா? பக்கத்துக்கு முப்பது கோடு இருக்கிறது. கோட்டை வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

மழை இல்லை. வெயில் உண்டு. மக்காச்சோளம் ஒடித்து, தட்டையும் வெட்டியாகிவிட்டது. களை இல்லை. எங்கள் வயலில் களை எங்கே முளைக்கும், அதுதானே வியாதி.

ஜனவரி 30

பெயர் எழுதும் இடத்தில் 'விவசாயி: துரைக்கண்ணு' என்று மேடம் முன்பே எழுதிவைத்திருக்கிறார். நிலம் அவர் பெயரில் இருப்பதால் அப்படி. நான் அவர் மனைவி அஞ்சுகம். கீழே சிறியதாக எழுதிவைத்தேன்.

அவர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். போய் இருபது மாதம். இந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், அப்படித்தான் இவரும் போனார். சொல்ல அதில் ஒன்றுமில்லை.

வயலின் கதையைச் சொல்லலாம். மக்காச்சோளத்துக்குக் களை எடுக்க ஆள் கிடைக்காமல் ஒன்பது வருஷமாகக் களைக்கொல்லி அடித்தோம். முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற டேங்குக்கு ஒரு மூடி ஊற்றச் சொன்னால் இவர் இரண்டு மூடி ஊற்றுவார். சாப்பாட்டிலும் அப்படித்தான், உப்பு கேட்டால் ஒரு கை அள்ளுவார். அந்த மருந்து சோளத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் மண்ணிலேயே தங்கிவிடும். சோளத்துக்குப் பின்னால் மாசிப் பட்டத்தில் உளுந்து போட்டால், அழகாக முளைத்து வரும். இரண்டு இலை விடும். பிறகு இலையின் ஓரம் வெளுத்து, கருகி, ஒரே வாரத்தில் வயலே சாம்பல் நிறமாகிவிடும். மூன்று வருஷம் இப்படி நடந்தது.

பிப்ரவரி 3

இன்று மேடம் வந்தார். கூடவே ஒரு வெள்ளைக் கேன், அதில் கலங்கல் தண்ணீர். அதற்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறதாம். களைக்கொல்லியைத் தின்று உயிர் வாழும் ஜாதி. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், ஊறிப்போன பழைய துணி வாடை.

இதை எங்கே பிடித்தார் என்பதுதான் வேடிக்கை. போன புரட்டாசியில் மண் எடுக்க வந்தபோது, இருப்பதில் நல்ல மண்ணைக் காட்டுவோம் என்று கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புது டம்ளரில் காபி கொடுப்பது போலத்தான். மேடம் அங்கே ஒரு கரண்டி அள்ளிவிட்டு, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே ஒரு கருங்கல் கிடக்கிறது. மருந்து அடித்து முடித்ததும் அந்தக் கல்மேல் டேங்கை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் கழுவுவார். ஒன்பது வருஷமும் அதே கல், அதே இடம். சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு அருகம்புல்கூட முளைக்காது. ஆள் வந்தால் நான் அந்தப் பக்கம் கூட்டிப்போவதே இல்லை.

அந்த மண்ணில்தான் இவை கிடைத்தனவாம். இன்று காரணம் கேட்டேன்.

"வேற சாப்பாடே இல்லாத எடம்க்கா அது. இருந்ததுல பெரும்பாலும் செத்துருக்கும். மிச்சம் இருந்த சிலது அந்த மருந்தையே சாப்பிடப் பழகிக்கிச்சு" என்றார்.

கேன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'டி.கே. 3' என்று எழுதியிருந்தது. டி.கே. என்றால் துரைக்கண்ணுவாம். நிலத்துக்காரர் பெயரை வைப்பது அவர்கள் வழக்கமாம். என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கிருமி. கட்டுத்தறி அதிரச் சிரித்தேன், மாடு திரும்பிப் பார்த்தது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி, ஒவ்வொன்றும் ஐந்து சென்ட். ஒன்றில் எருவோடு கிருமியைக் கலந்து இறைக்க வேண்டும், மற்றதில் வெறும் எரு. எதில் எது என்பதை மேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர் சீட்டுக் குலுக்குகிறாரே என்று கேலி செய்தேன். அப்படிச் செய்தால்தான் மனசு ஒரு பக்கம் சாயாது என்றார். மேல்பாத்திக்குக் கிருமி விழுந்தது. கீழ்ப்பாத்தி வெறும் பாத்தி.

போகும்போது மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். மேல்பாத்தித் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கீழ்ப்பாத்திக்குப் போகக்கூடாது. தனித்தனி வாய்க்கால், தனித்தனியாகப் பாய்ச்ச வேண்டும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். நின்றால் போயிற்று, எனக்கு வேறென்ன வேலை.

பிப்ரவரி 4

மழை இல்லை. வெயில். இரண்டு பாத்தியும் ஈரமாக இருக்கின்றன.

பிப்ரவரி 6

பக்கத்து வயல் கொளஞ்சி வந்து பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டு, "ஏங்க்கா, மாமா எப்ப வர்றாரு?" என்றாள். அவளுக்கு நான் என்ன வேலை செய்தாலும் கடைசியில் இந்தக் கேள்விதான். தெரியாது என்றேன்.

தெரியாமல் இல்லை. மே மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கம்பெனியில் மார்ச் கடைசிக்குள் கேட்பார்களாம். பொங்கலன்று போனில் சொன்னார். வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நீ சொன்ன மாதிரி அது செத்த மண்ணு. அங்க வந்து நான் என்ன பண்ண? ஒரு போகம் உளுந்து நின்னா சொல்லு, வர்றேன்" என்றார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "நின்னா நானே கூப்புடுறேன். அதுவரைக்கும் நீங்க கூப்புட வேணாம்" என்று வைத்துவிட்டேன்.

மூன்று வாரமாகப் போன் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன்.

பிப்ரவரி 9

தண்ணீர் பாய்ச்சினேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 10

மழை இல்லை. வெயில் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

பிப்ரவரி 12

உடம்பு வலி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். போனுக்குச் சார்ஜ் நிற்பதே இல்லை, இதை மாற்ற வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இப்போது இடுப்பிலேயே சொருகிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18

விதைப்பு. உழக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்ததால் நானும் கொளஞ்சியும் கயிறு கட்டி, கீறி, கையால் விதை போட்டோம். கீழ்ப்பாத்தியில் விதை போட எனக்குக் கை வரவில்லை. முளைத்துச் சாகும் என்று தெரிந்தே போடுவது பாவமில்லையா? பந்தியில் இரண்டு பேரை உட்கார வைத்து ஒருத்தருக்கு மட்டும் பரிமாறுகிற மாதிரி இருந்தது. கொளஞ்சியிடம் சொன்னேன். "நமக்கென்னக்கா, மேடம் சொன்னாங்க, செய்யிறோம்" என்றாள். அவள் போக்கு நல்ல போக்கு.

பிப்ரவரி 23

முளைத்துவிட்டது. இரண்டு பாத்தியிலும் ஒரே மாதிரி.

முளை வந்ததும் சந்தோஷப்படுகிற வழக்கமே எங்கள் வயலுக்கு இல்லை. இரண்டாவது இலை வரும் வரைக்கும் யாரும் எதுவும் பேச மாட்டோம். இவர் விடியற்காலையில் போய், குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பார். வந்து காபி கேட்பார். அந்தக் குரலை வைத்தே இலை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 26

பிள்ளை இல்லாத வீட்டில் சண்டை போடவும் இரண்டு பேர்தான், சமாதானம் ஆகவும் இரண்டு பேர்தான். ஒரு ஆள் போய்விட்டால் இரண்டும் நின்றுவிடுகிறது. இன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடிப்போய்விட்டது. குறை சொல்ல ஆளில்லாமல் தின்றேன்.

மார்ச் 2

மேடம் வந்து இரண்டு பாத்தியிலும் செடிகளை எண்ணினார். இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் நாலு ஊர்களில் இதே மாதிரி வைத்திருக்கிறாராம், இங்கேதான் நம்பிக்கை அதிகமாம். மூன்று வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். ஆய்வுக்கூடத்துச் சட்டியில் வேலை செய்கிற கிருமி வயலுக்கு வந்தால் படுத்துவிடும் என்று கூட இருப்பவர்களே கிண்டல் செய்கிறார்களாம்.

நோட்டை வாங்கிப் புரட்டினார். நான் பயந்தே போனேன். தண்ணீர் விட்ட தேதிகளை மட்டும் குறித்துக்கொண்டு கொடுத்துவிட்டார். "நெறைய எழுதுறீங்கக்கா" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 6

கீழ்ப்பாத்தியில் இலை ஓரம் வெளுக்கிறது. மேல்பாத்தி பச்சையாக இருக்கிறது. நான்கு தடவை போய்ப் பார்த்தேன். பச்சைதான்.

ஒன்றை எழுத வேண்டும். மூன்றாம் வருஷம் உளுந்து கருகிய அன்று, களத்தில் நான்கு பேர் நிற்கும்போது இவரைப் பார்த்து, "மண்ணக் கொன்னுட்டீங்க" என்று சொன்னேன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடக் கோபத்தில் சொன்னாள் என்று போயிருக்கும். மெதுவாகச் சொன்னேன். அடுத்த மாதமே அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் சோளத்துக்கு அதே மருந்தை ஆள் வைத்து அடித்தவள் நான்தான். ஆள் கிடைத்தால்தானே களை எடுக்க. டேங்கை எங்கே கழுவினேன்? அதே கல்மேல்தான்.

மார்ச் 9

கீழ்ப்பாத்தி முழுக்க மஞ்சளாகிவிட்டது. முழுக்க என்று எழுதினேன், அப்படியில்லை. நடு வரப்பிலிருந்து தென்கிழக்கு மூலை வரைக்கும், இரண்டு முழ அகலத்தில், மாடு நாக்கை நீட்டினது போல ஒரு பச்சை.

மாலை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் மூன்று நாளில் மேடம் வருகிறார். அந்தச் செடிகளை மட்டும் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கையும் போனது. தொட்டதும் அந்த இலை அவ்வளவு மெத்தென்று இருந்தது. மூன்று வருஷம் கருகின வயலில் பிழைத்த செடியைப் பிடுங்க எந்தக் கை வரும்?

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

மேடம் வந்து வரப்பில் நின்றதுமே பார்த்துவிட்டார். மேல்பாத்தியின் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட இல்லை, நேராகக் கீழ்ப்பாத்திக்குப் போனார். பச்சை நாக்கு தொடங்குகிற இடத்தில், வரப்பில் மண் மட்டும் புதுசாக இருந்ததைக் காலால் தட்டிப் பார்த்தார். நான் அடைத்த இடம் அது.

"இங்க ஒடஞ்சுச்சாக்கா?"

"ஆமாம் மேடம்."

"எப்ப?"

பிப்ரவரி ஒன்பதாம் தேதி என்றேன். அன்று மேல்பாத்திக்கு மடையைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போட்டிருந்த போன் அடித்தது. ஓடினேன். கையில் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. நம்பர் 968 என்று தொடங்கியது, மஸ்கட் நம்பர்தான், ஆனால் அவர் நம்பர் இல்லை. மறுபடி அடிக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு வரப்பு உடைகிற நேரம். திரும்பி வந்தபோது எருத்தண்ணீர் கீழ்ப்பாத்தியின் மூலை வரைக்கும் போயிருந்தது. மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன். மேலே காய்ந்த மண்ணைத் தூவி மறைத்தேன்.

மேடம் நோட்டைக் கேட்டார். பிப்ரவரி ஒன்பதைத் தேடி எடுத்துப் படித்தார். தண்ணீர் பாய்ச்சினேன், வேறொன்றும் இல்லை.

"ஒடஞ்சதுக்குக் கோவமில்லக்கா. வயல்னா ஒடையும். இதத்தான் எழுதச் சொன்னேன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒருவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் காகிதத்தில் என் வயலின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'நீக்கப்பட்டது' என்று எழுதினார். ஐந்து வயலில் என் வயல் இனி கணக்கில் வராது. நான்கை வைத்துத்தான் அவர் வாதாட வேண்டும்.

எழுதி முடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுக் கீழ்ப்பாத்தியில் இறங்கினார். பச்சை நாக்கின் நடுவிலிருந்தும் இரண்டு பக்க மஞ்சளிலிருந்தும் தனித்தனிப் பையில் மண் எடுத்துக்கொண்டார். அறிக்கையில்தான் சேர்க்க முடியாது, தெரிந்துகொள்வதற்கு என்ன என்றார். தண்ணீர் போன வழியெல்லாம் கிருமியும் போயிருக்கிறது, போன இடத்தில் பிழைத்தும் இருக்கிறது, அவர் நினைத்ததைவிடக் கெட்டியான ஜாதியாம். இனி என் வயலில் தண்ணீரை எப்படி வேண்டுமானாலும் விடலாம் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். "அந்தப் போன் யாருதுக்கா?"

தெரியாது என்றேன். இந்த முறை உண்மையாகவே தெரியாது.

மார்ச் 14

மேல்பாத்தியில் பூ எட்டிப் பார்க்கிறது. இரண்டு போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேல்பாத்தி ஒன்று, பச்சை நாக்கு ஒன்று. 'உளுந்து நின்னுருச்சு' என்று மட்டும் எழுதினேன். வாருங்கள் என்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கேட்டால்தான் வருவார் என்றால் கேட்க வேண்டியதுதானே? மூன்றாம் தடவை எழுதி, அழிக்காமல் அனுப்பினேன். 'வந்துருங்க.'

மார்ச் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

மார்ச் 15

காலையில் கூப்பிட்டார்.

நான்தான் ஆரம்பித்தேன். கிருமி எங்கே கிடைத்தது, டேங்க் கழுவிய கல், டி.கே. 3, சீட்டுக் குலுக்கியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ம், ம் என்று கேட்டார்.

"அப்ப மண்ணு சாகல" என்றார்.

"சாகலங்க. நீங்க கொல்லல. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான்."

அந்தப் பக்கம் லாரி சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பயந்து இரண்டு தடவை ஏங்க, ஏங்க என்றேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு சொன்னார். "போன மாசம் ஒம்போதாந்தேதி திடுதிப்புனு மேனேஜர் கூப்ட்டு, இருக்கியா போறியான்னு இப்பவே சொல்லுன்னுட்டாரு. மார்ச்சு வரைக்கும் டயமில்லன்னாரு. எம்போனு வண்டியில கெடந்துச்சு. ஆபீஸ் போன்லருந்து உன்னக் கூப்ட்டேன். கூப்புடாதன்னு சொன்னியே, அப்படியும் கூப்ட்டேன். நீ எடுக்கல."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மண்ணு இனி தேறாது, அதச் சொல்ல மனசில்லாமத்தான் எடுக்கலன்னு நெனச்சுட்டேன். கையெழுத்துப் போட்டுட்டேன் அஞ்சுகம். ரெண்டு வருசம்."

நான் ஓடினேன், ஓடி வந்தேன், ஒரு விரக்கடை தூரத்தில் போன் நின்றுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை, அவருக்கு அது வராது. பேச்சை மாற்றுவது போல, அந்த இரண்டாவது போட்டோவில் இருப்பது என்ன என்று கேட்டார். வரப்பு உடைந்ததைச் சொன்னேன். என்றைக்கு உடைந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

வரப்பைப் பற்றித்தான் பேசினார். "அது புங்கமரத்து வேரு ஓடுற எடம். எப்பவும் அங்கதான் ஒடையும். வெறும் மண்ணப் போட்டு அடச்சா நிக்காது. அடியில வேர வெட்டி எடுத்துட்டு மண்ணக் கெட்டியா மிதிக்கணும். ஒனக்கு வராது அது. நான் வந்து அடைக்கிறேன், நீ கைய வெக்காத."

சரி என்றேன். ஏற்கெனவே அடைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 16

மழை இல்லை. வெயில். பூ இன்னும் கூடியிருக்கிறது. கீழ்ப்பாத்தியில் மஞ்சளெல்லாம் விழுந்துவிட்டது, நாக்கு மட்டும் நிற்கிறது. டேங்க் கழுவிய கல்லை நகர்த்தலாமா என்று கொளஞ்சி கேட்டாள், கிடக்கட்டும் என்றேன்.

காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வரப்பில் நான் அடைத்த இடத்தை வெட்டிவிட்டேன். மேல்பாத்திக்கு மடையைத் திறந்தேன். தண்ணீர் நிறைந்து, வேர் ஓடுகிற இடத்தில் தாண்டிக் கீழே போனது. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, தண்ணீர் மூலை வரைக்கும் போய்ச் சேரும்வரை நின்றேன். இன்னும் இரண்டு வருஷத்துக்கு அது அப்படியே திறந்து கிடக்கும்.